ஹெப்சிபா டீச்சரின் பல் டாக்டர்

ஹெப்சிபா டீச்சர் உண்மையில் டீச்சரே இல்லை. அருப்புக்கோட்டையில் மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் போர்டிங்கில் வார்டன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய எங்களுக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் டீச்சர். எங்கள் எல்லாருடைய அப்பா அம்மாவும் கூலி வேலைக்காரர்கள். எல்லாரும் சேரிக்காரர்கள்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

எண்பத்திரண்டில் டீச்சருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர். டீச்சருக்கு முன்னால் யாரோ பெரிய ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பெண் அதட்டினதும் அவர் பேசாமல் வாயைத் திறந்தாராம். பல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்த டீச்சர், இந்தக் காட்சியை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

“நம்ம கையால ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாக. பல்லு வலிச்சா வாயத் தொறந்துதான ஆகணும். ஒங்கள்ல ஒருத்தியாவது அவுக வாய்க்குள்ள கைய விடணும்டி” என்பார். ஜெபத்துக்குக் கூப்பிட்டதைவிட இதை அதிகமாகச் சொன்னார்.

சொன்னதோடு நிற்கவில்லை. பந்தல்குடி ரோட்டில் பூமிநாதன் டாக்டர் பல் கிளினிக் வைத்திருந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். அவர் வாசலில் எட்டு வாரம் போய் நின்று, சனிக்கிழமைகளில் எங்களில் ஆறு பேர் வந்து வேலையைப் பார்க்க அனுமதி வாங்கினார். டாக்டர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாவு கலக்கி அச்சு எடுப்பது, இடுக்கிகளைக் கொதிக்க வைப்பது, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நோயாளி யாராவது “இவுக யார் வீட்டுப் பிள்ளைக?” என்று கேட்டால் மட்டும் மதுரைப் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவார். எங்களுக்கும் சொல்லி வைத்திருந்தார்.

பல் படிப்பில் முதல் வருஷம் மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்கள் என்று அவர்தான் சொன்னார். டீச்சர் சலவைச் சோப்பை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நான் செதுக்கியது புளியங்கொட்டை மாதிரி இருந்தது. எங்கள் ஆறு பேரில் ஒருத்தி ஞானப்பூ. அவள் செதுக்கிய கடைவாய்ப் பல்லை டாக்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடு, பள்ளம், வேர் இரண்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அன்றைக்கே டீச்சர் முடிவு செய்துவிட்டார். மற்ற ஐந்து பேரையும் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு அவர் பார்வை முழுக்க அவள் மேல்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நாங்கள் ப்ளஸ் டூ தொடங்கின வருஷம், எண்பத்தேழு. பூமிநாதன் டாக்டர் பல் படிப்புக்கான பழைய விண்ணப்பம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு ஞானப்பூவின் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்டார். பார்த்தார். மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று இருந்தது. இப்படி இருந்தால் சீட்டு கிடைக்காது என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் ஜனத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்களைச் சர்க்கார் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலிருந்து எடுத்துப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்துவிடும். ஊரில் டீக்கடைக்காரன் தனி கிளாஸ்தான் தருவான், சர்க்காருக்கு மட்டும் நாங்கள் உயர்ந்துவிட்டோம். அந்தப் பட்டியலில் கேட்கும் மார்க்குக்கு, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள் எட்டிப் பிடிக்க முடியாது. இதற்காகவே பல வீடுகளில் சபைக் கோவிலுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஞானப்பூவின் அப்பா ஐயாத்துரையும் ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தபோது இந்து என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். தன் வாயாலும் கையாலும் பொய் வராது என்று சொல்லி, ஃபாரத்தில் கிறிஸ்தவம் என்று எழுதியது ஹெப்சிபா டீச்சர்.

அன்று போர்டிங்குக்குத் திரும்பி வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஐயாத்துரையை வரவழைத்தார். அவரையும் ஞானப்பூவையும் தானே மதுரைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சங்கத்தில் ஹோமம் வளர்த்து, பிள்ளை நெற்றியில் திருநீறு பூசி, தாய்மதம் திரும்பியதாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெயர் தங்கலட்சுமி. ஹோமம் முடியும்வரை டீச்சர் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றதாக ஞானப்பூ என்னிடம் சொன்னாள். பிள்ளை நிஜமாகவே மாறிவிட்டாள், ஆகவே இதில் பொய் இல்லை என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அவருக்கே பத்தவில்லை.

சபைக் கமிட்டிக்கு விஷயம் போக ஒரு மாதம் ஆகவில்லை. மந்தையிலிருந்து ஆட்டைத் தானே விரட்டிவிட்ட மேய்ப்பத்தி என்று பேசினார்களாம். பேசியவர்களில் மூன்று பேர் வீட்டுப் பிள்ளைகள் சான்றிதழில் இந்துக்கள். அது எனக்குத் தெரியும், கமிட்டிக்கும் தெரியும். டீச்சரின் வேலை போனது. ஒரு மில் தெருவில் சாய்ப்பு இறக்கிய ஒற்றை அறையைப் பிடித்து, விசைத்தறிக்கு நூல் தார் சுற்றிப் பிழைத்தார். கோவிலில் கடைசி வரிசையில் உட்காருவார். யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

எண்பத்தெட்டில் ஞானப்பூவுக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்தது. மற்ற ஐந்து பேரில் ஒருத்தி நர்ஸானாள், இரண்டு பேர் ஸ்பின்னிங் மில், ஒருத்தியைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் தபாலாபீஸ். ஞானப்பூ மெட்ராஸிலிருந்து முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் போட்டாள். மூன்றாம் வருஷம், கையுறை போட்டுக்கொண்டு முதல் பல் பிடுங்கியதை நாலு பக்கம் எழுதியிருந்தாள். டீச்சர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். நானே ஐந்து முறை கேட்டிருப்பேன்.

தொண்ணூற்று நாலில் அவள் மல்லாங்கிணறில் கிளினிக் திறந்தாள். மறு வருஷமே மொட்டைப் பெட்டிசன். தங்கலட்சுமி இன்னும் கிறிஸ்தவள்தான், பழைய போர்டிங் ஆட்களோடு போக்குவரத்து இருக்கிறது, சான்றிதழ் செல்லாது என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். சான்றிதழ் போனால் பட்டமும் போகும். விசாரணைக்கு ஆள் வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு ஒருநாள் ஐயாத்துரை டீச்சர் வீட்டுக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

“தப்பா நெனைக்காதீகக்கா. இனிமே லெட்டரு போட வேண்டாம். வழியில பாத்தாலும் பேச வேண்டாம். பிள்ள அழுதுக்கிட்டேதான் சொல்லிவிட்டுச்சு” என்றார்.

டீச்சர் சரி என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த நான் என்னென்னவோ திட்டினேன். ஞானப்பூவைத் திட்டினேனா, சர்க்காரையா, கமிட்டியையா என்று எனக்கே தெளிவில்லை.

போன வருஷம் சித்திரையில் டீச்சருக்குக் கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. பூமிநாதன் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். விருதுநகர் போகலாம் என்று நான் சொன்னேன். மல்லாங்கிணறு போவோம் என்றார் டீச்சர். பஸ்ஸில், “ஞானப்பூன்னு கூப்பிட்டுறாத” என்று மட்டும் சொன்னார். பல் வலிக்காக அவர் வரவில்லை. அவளைப் பார்க்க அவருக்குக் கிடைத்த ஒரே சாக்கு அந்த வீக்கம்.

பெஞ்சில் பத்துப் பேர். உள்ளே நாற்காலியில், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வாயை அகலத் திறந்துகொண்டு கிடந்தார். டாக்டர் சொன்னபடி தலையைத் திருப்பினார், சொன்னபடி துப்பினார். டீச்சர் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

எங்கள் முறை வந்தது. ஞானப்பூ நிமிர்ந்தாள். டீச்சரைப் பார்த்தாள், பிறகு பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து ரிஜிஸ்டரை இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

“பேரு?” என்று கேட்டாள்.

நான் வாயெடுக்கப் போனேன். டீச்சர் என் கையை அழுத்திப் பிடித்தார்.

“பெத்தம்மாள். பக்கத்துல குமாரலிங்கபுரம். விவசாயக் கூலி” என்றார்.

ஹெப்சிபா டீச்சர் தன் வாயால் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். ஞானப்பூவுக்கும் அது தெரியும். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு, வாயைத் திறக்கச் சொன்னாள்.