பாங்கு நேரத்தில் தப்பிய பல்

எங்கள் மாமாவைக் கத்தாருக்குப் போகவிடாமல் தடுத்தவள் நான்தான் என்று வெகுகாலம் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. எட்டு வயதில் ஒரு ஆளுடைய தலைவிதியையே மாற்றுவது என்றால் சும்மாவா? யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லாமலே பெருமைப்படுகிற ரகம் நான்.

அப்போது நாங்கள் கனமூலை என்ற ஊரில் இருந்தோம். வாப்பா கத்தாரில். வீட்டில் உம்மா, நான், உம்மாவின் தம்பியான மாமா, வாப்பா விட்டுப்போன பழைய வெள்ளைக் கார். அந்தக் காரை ஓட்டுவதுதான் மாமாவின் உத்தியோகம். அதற்கு முன் உப்பளத்தில் நின்று பார்த்தார், இறால் பண்ணையில் நின்று பார்த்தார், எங்கேயும் ஒரு மாதம் தாண்டவில்லை. வாப்பா வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில், "அவன இஞ்ச அனுப்பு, வேல பாத்து வெச்சிரிக்கேன்" என்பார். உம்மா, "ஓம், பாப்பம்" என்று பேச்சை மாற்றுவார். மாமா போய்விட்டால் என்னை முன் இருக்கையில் ஏற்றி, ரோட்டில் நிற்கும் கழுதைகளுக்கு ஹோன் அடிக்க விடுகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் மாமா கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற கடையொன்றிலிருந்து ஒரு பல்சக்கரம் வாங்கி வந்தார். அலுமினியம், அழகான நீல நிறம். எஞ்சினின் தலைப்பகுதியில் கேம் என்று ஒரு தண்டு சுற்றுமாம், அதைச் சுற்றுகிற கியராம் இது. காரில் இருந்தது இரும்பு. இதன் பாரம் அதில் பாதிகூட வராது. பாரம் குறைந்தால் எஞ்சின் துள்ளிக்கொண்டு போகும் என்றார் மாமா. உம்மாவை அவர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும், திரும்பும்போது கத்தரிக்காயோடு வீட்டுக்கும் கொண்டுவருகிற கார் எதற்குத் துள்ள வேண்டும் என்று உம்மாவுக்கு விளங்கவில்லை.

"நாளைக்கு மாம்புரியில கலியாணம். இண்டைக்கு அதக் கழட்டாத."

"ரெண்டு மணித்தியால வேல, ராத்தா."

அது வெள்ளிக்கிழமை. வாப்பா தொலைபேசியில் காத்திருந்தார். உம்மா ஆத்திரத்தில் அவரிடமே, "நாளைக்கு இந்தக் கார் ஓடல்லயெண்டா நீங்க விசாவ அனுப்புங்க, நானே இவன ஏத்தி விடுறேன்" என்று சொல்லிவிட்டார். உம்மா சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மாமா முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். எஞ்சினில் மேலே ஒரு கியர், கீழே ஒரு கியர், இரண்டையும் சேர்த்துச் சுற்றும் பல்லுப் பட்டி ஒன்று. இரண்டு கியரிலும் உள்ள புள்ளிகள் தத்தம் அடையாளத்துக்கு நேரே நிற்கும்போது பட்டியை மாட்ட வேண்டும். ஒரு பல் முன்பின் ஆனாலும் எஞ்சின் மூச்சு விடும் நேரம் பிசகிவிடும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாமாவை நான் ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. அது ஏன் சுற்றுது, இது ஏன் நீலம், அந்த ஆணி எங்கே போகும் என்று கேட்டபடியே இருந்தேன்.

மாமா கழற்றிய பட்டியை என் மடியில் போட்டார். "மகள், இது பெரிய பொறுப்பு. இதில எத்தின பல்லெண்டு எண்ணிச் சொல்லு. மனசுக்குள்ள எண்ணணும், வாய் தொறந்தா பிழச்சிரும்."

வெள்ளை மையால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து எண்ணத் தொடங்கினேன். அறுபத்து மூன்றில், பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு சொன்னது. பாங்கு சொல்லும்போது எதையும் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முக்காட்டை இழுத்துப் போட்டு, பாங்குக்குப் பதில் சொல்லி, துஆவும் ஓதி முடித்துக் குனிந்தால், என் விரல் இருப்பது அறுபத்து மூன்றிலா, நாலிலா? அறுபத்து மூன்று என்றே வைத்துக்கொண்டேன்.

"நூத்தியொண்டு, மாமா."

"நல்லா எண்ணினியா?"

"ஓம்."

"அப்ப இனிப் பயமில்ல" என்று பட்டியை வாங்கி மாட்டினார். பொழுது சாயும்போது தொழுகிற மஃரிபுக்கு முன் முடித்துவிட்டார். ஸ்டார்ட் செய்தபோது கார் கொஞ்சம் நடுங்கியது. புதுச் சாமான், பழகட்டும் என்றார்.

மறுநாள் அது பழகவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். பாலாவிச் சந்தியில் திரும்பி, கல்பிட்டி ரோட்டில் 'டப், டப்' என்று துப்பிக்கொண்டு போன கார், கழுதைக் கூட்டமொன்றின் நடுவில் நின்றே விட்டது. கழுதைகள் எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் புல்லைத் தின்றன. மாமா முன்மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். "ஒரு பல்லு பிசகி இரிக்கி" என்றார்.

அந்த ஒரு பல் எது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

உம்மா கலியாணச் சாரியோடு என்னைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் எங்களுக்கு வைத்த சோற்றில் எலும்புதான் மிச்சம். பின்னேரம் வீட்டுக்கு வந்தால், யாரோ ஒருவருடைய ட்ரக்டரில் கட்டி இழுத்துவந்த காரோடு மாமா முற்றத்தில் நின்றார். அந்த நேரம் பார்த்து, கார் ஓடியதா என்று கேட்க வாப்பாவின் தொலைபேசி.

உம்மா, "ஓம், சொன்னேன்தான்..." என்று இழுத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஓவென்று அழுதேன். பாங்கு, முக்காடு, அறுபத்து மூன்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

உம்மா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு தொலைபேசியில் குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா? இவன்ட பிழ இல்ல. புள்ள பாங்குக்கு மரியாத குடுத்ததால வந்தது. இதுக்காக ஒரு ஆள நாடு கடத்துறதா?"

வாப்பா, "அல்ஹம்துலில்லாஹ், புள்ள நல்லா வளந்திரிக்கு" என்றார். விசாப் பேச்சு அன்றோடு படுத்துவிட்டது. மாமா கைத்துணியால் விரல்களைத் துடைத்தபடி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் பட்டியைத் திரும்ப மாட்டினார், கார் உண்மையாகவே துள்ளியது.

போன வருடம் என் காருக்குப் பட்டி மாற்றக் கராஜுக்குப் போனேன். அனுபவசாலி என்ற திமிரில், "பல்ல எண்ணிட்டு மாட்டுங்க" என்றேன். வேலை செய்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எதுக்கு எண்ணுற? பட்டி வட்டம்தானே. புள்ளி நேரா நிண்டாச் சரி."

மாமாவுக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ட வாய அடக்க வேற வழி தெரியல்ல, மகள். மஃரிபுக்கு அவசரத்தில புள்ளி நேரா நிக்குதாண்டு கையால சுத்திப் பாக்காம விட்டது நான்தான்."

"அண்டைக்கு ஏன் வாய தொறக்கல்ல?"

"தொறந்திருந்தா இப்ப கத்தார்லதான் இரிப்பேன்."

உம்மாவிடம் கோள் சொல்ல நேரே வீட்டுக்குப் போனேன். உம்மா புன்னகைத்தார். "நான் கணக்கு டீச்சர், புள்ள. வட்டத்த எங்க தொட்டு எண்ணினாலும் அதுட பல்லு கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாதெண்டு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் வாப்பாக்கிட்ட அப்பிடிச் சொன்னீங்க?"

"சொல்லாம? உங்க வாப்பா போய் அப்ப மூணு வருஷம். தம்பியும் போயிட்டா நான் யாரோட இரிக்கிற? வாய் தவறிச் சொல்லிட்டு, அத எப்பிடி விழுங்குறதெண்டு தெரியாம நிண்டேன்."

கார் நின்ற அந்த நிமிஷத்திலிருந்து என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தவர் உம்மாதான் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.