நடுக்குளத்தில் ஒரு சஹன்

அன்றைக்குக் குளத்தில் இருந்தவர்கள்: நான், என்னோடு சேர்ந்து சுற்றுலாக்காரரைக் கயாக் படகில் கூட்டிப்போகும் மச்சான், கல்முனைக்குடி ஹார்ட்வெயார் கடை முதலாளி, அவருடைய மனைவி, மூன்று மகள்மார், மருமகன். இல்லாதவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்கள் வராத மாதம் அது. வாப்பாவும் இல்லை. வீட்டில் முதன்முதல் பட்டம் எடுத்த மகன் துடுப்புப் பிடிப்பதைப் பார்க்க அவர் ஒருநாளும் வந்ததில்லை.

கட்டாருக்கு வேலைக்குப் போகிறேனா இல்லையா என்று மதியம் ளுஹர் பாங்குக்கு முன் ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். முற்பணம் வாப்பா கட்டியிருந்தார். எங்கள் ஊர்ச்சனமே காசு கொடுத்துக் கயாக்கில் வரத் தொடங்கினால் நான் ஊரிலேயே நிற்கலாம். அப்படி வந்த முதல் குடும்பம் இதுதான். கழுத்தில் பொலித்தீன் உறைக்குள் தொங்கிய போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் அசையவே இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதலாளி துடுப்பை மடியில் வைத்தார். "தம்பி, இஞ்சயே சோத்தத் திறப்பம்."

"கரைக்குப் போய்த் தின்னலாம் ஹாஜியார்."

"ஆறு பேர், ஒரு சஹன். கணக்குச் சரி. கொக்குப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்த நாங்க?"

மறுக்காதே என்று மச்சான் கண் காட்டினான். அவர்களுடைய மூன்று கயாக்கையும் பக்கத்துப் பக்கமாகக் கட்டி, நடுவில் சஹனை, எல்லோரும் சேர்ந்து தின்னும் அந்தப் பெரிய தட்டை, வைத்துப் புரியாணியைக் கொட்டினோம். பிஸ்மி சொல்லி ஆறு கையும் ஒன்றாய்ப் போக, ஆறு உடம்பும் கூடவே சாய்ந்தன. சஹன் வழுக்கித் தண்ணீருக்குள் போனது.

"மீனுக்கெல்லாம் இண்டைக்குக் கந்தூரி!" என்றார் மருமகன். முதலாளியின் மனைவி சிரிக்கவில்லை.

"எங்கட உம்மா தந்த சஹன் தம்பி. எடுத்துத் தராட்டி ஊரெல்லாம் சொல்லுவன்."

போனை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் குதித்தேன். சேறும் தாமரைத் தண்டும்தான் கைக்கு வந்தன. மூச்செடுக்க மேலே வந்தபோது போன் அவன் காதில் இருந்தது.

"ஏஜென்சிக்காரன்டா. வேற ஆள் ரெடியாம். கதைக்கிறியா?"

அந்தப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனை வைடா" என்று மறுபடி மூழ்கினேன்.

சஹன் அகப்பட்டபோது ளுஹர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி அதைக் குளத்திலேயே கழுவித் துடைத்தார். "பெருநாளைக்குத் தங்கச்சி வீட்டாக்களயும் கூட்டிட்டு வாறம். சோறு கரையில."

ஏஜென்சியிலிருந்து என் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. முற்பணம் வரவில்லை. வாப்பா நெல் விற்றுக் கட்டியது, எழுபத்தையாயிரம் ரூபாய்.