சத்தம் ஓய்ந்த கட்டில்

அம்பத்தூரில் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் நர்ஸம்மாவுக்கு நரைத்த கொண்டை, தளர்ந்த நடை. வார்டுக்குள் வருமுன் வாசலில் நின்று சற்றுக் காது கொடுத்துக் கேட்பார்.

அன்று வலியில் கத்திக்கொண்டிருந்த என் அப்பாவைத் தாண்டி, தாயின் மடியில் துவண்டு கிடந்த குழந்தையிடம் போனார். எனக்குக் கோபம் வந்தது.

"இவர் இவ்ளோ கத்துறாரே, காதுல விழலையா சிஸ்டர்?"

"கத்துறதுக்கு அவருக்குத் தெம்பு கீது சார். இந்தக் கொழந்த அழவே மாட்டேங்குது, பாருங்க."

குழந்தை பிழைத்தது. அப்புறம் அப்பாவுக்கும் ஊசி போட்டார்.

சாயங்காலம் அப்பாவின் கத்தல் ஓய்ந்தது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று போர்வையை இழுத்துவிட்டேன். மறுகோடியிலிருந்து நர்ஸம்மா ஓடி வந்தார். வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்.

இப்போது என் மகள் சத்தமில்லாமல் தூங்கும்போதெல்லாம், அறை வாசலில் நின்று காது கொடுக்கிறேன்.