கோடைமழைக் குட்டையும் ஆறாம் வகுப்பும்

ஆறாம் வகுப்பை வகுப்பறையில் உட்கார வைப்பதே பெரும்பாடு. அதைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிப் போவதையும் அறிவியல் டீச்சர் வேலையில் யார் சேர்த்தார்களோ தெரியவில்லை. உங்களில் ஆசிரியர்கள் இருந்தால் என் பாடு புரியும். பங்குனியில் கொட்டிய கோடை மழையில், பள்ளத்தூரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் செம்மண் பொட்டலில் கணுக்கால் அளவுக்கு ஒரு குட்டை தேங்கியது. அது வற்றும்வரை வாரம் இரண்டு நாள் போய்ப் பார்ப்போம் என்று நானேதான் வாயை விட்டேன்.

ஒரே தட்டு

முதல் நாள் குட்டைத் தண்ணீரை வெள்ளைத் தட்டில் மொண்டு வைத்தேன். பத்துப் பதினைந்து தவளைக் குஞ்சுகள், கூடவே தட்டான்பூச்சியின் புழு ஒன்று. இதுதான் வளர்ந்து தட்டானாகப் பறக்கும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அது ஒரு குஞ்சைக் கவ்விவிட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே ஜன்னலுக்கு வந்தது. இரையும் எதிரியும் ஒரே குட்டையில்தான் வாழும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். மீனாள் மட்டும் சமாதானமாகவில்லை.

"குட்டையில ஓடி ஒளிய எடம் இருந்துச்சு டீச்சர். தட்டுல போட்டது நீங்கதானே?"

மருந்து

அடுத்த வாரம் கொசு மருந்து டின்னோடு காளியம்மாள் வந்தார். ஊராட்சியில் வேலை, தேங்கிய தண்ணீரைக் கண்டால் ஊற்றிவிட வேண்டும் என்று உத்தரவு. ஊற்றினால் குட்டையில் ஒன்றும் மிஞ்சாது. நான் கெஞ்சக் கெஞ்ச அவர் பாட்டுக்கு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள், போன வாரம் திட்டித் தீர்த்த அதே புழுவைத் தேடிப் பிடித்துத் தட்டில் விட்டு, கொசுப்புழுக்களையும் மொண்டு போட்டார்கள். அது ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றதைக் காளியம்மாள் குத்தவைத்துப் பார்த்தார். கடைசியில் மூடியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஊத்தல டீச்சர். ஆனா ஊருக்குள்ள யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா, ஆபீசர்கிட்ட இந்தப் பூச்சியக் கூட்டிக்கிட்டு நீங்கதான் வரணும்."

பிரிட்ஜ்

வெயில் ஏற ஏறக் குட்டை சுருங்கியது. இனித் தாங்காது என்று தானாக முடிவெடுத்த கதிரேசன், எனக்குத் தெரியாமல் டிபன் டப்பாவில் குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், குளுமையாக இருக்கட்டும் என்று பிரிட்ஜில் வைத்துவிட்டான். மறுநாள் காலை அவன் அம்மா டப்பாவோடு பள்ளி வாசலில் நின்றார். அவர் கோபப்படாததுதான் எனக்குச் சங்கடம்.

"இனிமே பாடத்தக் குடுத்துவிட்டீகன்னா டப்பா மேல எழுதி விடுங்க டீச்சர். நேத்து வச்ச மீன் கொழம்புன்னு சுட வைக்கப் போயிட்டேன்."

வற்றிய அன்று

திங்கட்கிழமை போனபோது தண்ணீர் இல்லை. வெடித்த சேற்றில் சில குஞ்சுகள் காய்ந்து கிடந்தன, எறும்பு மொய்த்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மீனாள் அழுதாள். அப்போது கதிரேசன் ஓரத்துப் புல்லை விலக்கினான். நகத்தளவில் ஒரு தவளை, வால் இன்னும் முழுதாக மறையாமல். தேடத் தேட இன்னும் ஐந்து கிடைத்தன. குட்டையில் இருந்ததோ நூற்றுக்கணக்கில். மீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"மத்ததெல்லாம் முன்னாடியே கெளம்பிப் போயிருச்சுன்னு நெனச்சுக்கிறோம் டீச்சர். நீங்க இல்லைன்னு சொல்லிராதீக."

இத்தனை வருட வேலையில், தெரிந்த பதிலைச் சொல்லாமல் நான் நல்ல பேர் வாங்கியது அந்த ஒரு நாள்தான்.