சரசா அக்கா ஏறாத பஸ்

டிக்கெட் விலையை யார் ஏற்றினாலும் திட்டு வாங்குவது கண்டக்டர்தான். கருமத்தம்பட்டியிலிருந்து காந்திபுரம் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் பை மாட்டி நிற்கும் எனக்கு இது புதிதில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பழகிய உங்களுக்கும் புதிதாக இருக்காது.

புது விலை

விலை ஏறிய அன்று காலை முதல் நடையிலேயே சண்டை. பட்டறைக்குப் போகிற ஒருவர், "ஏனுங்க, சீட்டையெல்லாம் மெத்தையா மாத்திப்போட்டீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

சரசா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நீலாம்பூரில் ஏறிப் பீளமேட்டில் இறங்குகிறவர். அங்கே ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கட்டில் வேலை. வீட்டுக்காரர் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தெனமும் இதானுங்களா தம்பி, இல்ல இன்னிக்கு மட்டுங்களா?"

டிரைவரின் பிடிவாதம்

அடுத்த வாரத்திலிருந்து அக்கா நிறுத்தத்தில் நிற்பார், எங்கள் பஸ்ஸுக்குக் கை காட்ட மாட்டார். பின்னால் வரும் அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் அந்த பஸ் ஒரு நாள் நேரத்துக்கு வரும், மறுநாள் வராது.

டிரைவர் கந்தசாமி அண்ணன் பழக்கதோஷத்தில் நிறுத்திவிடுவார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு இரண்டடி பின்னால் போய்விடுவார். பார்க்கவே சங்கடமாக இருக்கும். "இனி நிறுத்தாதீங்கண்ணா, அவங்களுக்குக் கூச்சமா இருக்குது" என்றேன். அண்ணன் கேட்கவில்லை. "என்னைக்காச்சும் மனசு மாறி ஏறலாம்னு நெனைப்பாங்க. அன்னைக்குப் பாத்து நாம நிறுத்தாம போயிட்டம்னு இருக்கக்கூடாது பாரு."

இட்லிக்குக் காத்திருக்காத பிள்ளைகள்

அக்காவோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னாள். அக்கா பிந்திப்போன நாட்களில் பிள்ளைகள் பலர் சாப்பிடாமலேயே வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். இன்னொரு தடவை பிந்தினால் வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் நீலாம்பூரில் இறங்கி அவரிடமே போனேன். "ஏறுங்கக்கா, டிக்கெட் கேக்க மாட்டேன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் பஸ்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "செக்கிங் வந்தா உங்க வேலை போயிருங்க கண்ணு. ரெண்டு பேரு வேலையும் போறதுக்குங்களா?"

ஜன்னலோர சீட்டு

ஒரு சனிக்கிழமை அக்கா கை காட்டினார். கந்தசாமி அண்ணன் சந்தோஷத்தில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் கேட்கும் முன்பே காசை நீட்டினார்.

"இன்னிக்கு நேரத்துக்குப் போயிரலாங்கக்கா" என்றேன், பெரிய உபகாரம் செய்துவிட்டவன் மாதிரி. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. "வேலை போயிருச்சுங்க தம்பி. பாக்கிச் சம்பளம் வாங்கப் போறேன். இனித் தெனமும் வர வேண்டியதில்லீங்களே, அதான் இன்னிக்கு ஒரு நாளைக்குக் காசு குடுத்து வரலாம்னு ஏறிட்டேன்."

எங்கள் பஸ்ஸில் இப்போதெல்லாம் கூட்டமே இல்லை, ஏறுகிற எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கிறது.