நிகழ்காலத்தில் எழுதுக

எங்கள் வீட்டில் இறந்தகாலத்துக்கு இடமில்லை. அப்பா தாம்பரத்தில் இங்கிலீஷ் வாத்தியார். கதையையோ நாடகத்தையோ பற்றி இங்கிலீஷில் கட்டுரை எழுதினால் நடப்பதையெல்லாம் நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். ராஜா வந்தான் என்று எழுதக் கூடாது, வருகிறான். அழுதான் கூடாது, அழுகிறான். தவறினால் சிவப்பு மை.

அந்த மையிடம் வசமாக மாட்டியவர் சித்தப்பா. தினமும் பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் போய்வரும் குமாஸ்தா. பி.ஏ.வில் இங்கிலீஷ் பேப்பர் ஒன்று மட்டும் நின்றுபோயிருந்தது. அதில் தேறினால்தான் ஆபீசில் மேலே போக முடியும். முந்தின வருஷம் சித்தி டைபாய்டில் தவறிப்போன பிறகு, சிட்லபாக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு சேலையூரில் எங்களோடு வந்து இருந்தார். பாவம், பிடித்துக்கொள்ள அவருக்கு அந்தப் பரீட்சையை விட்டால் வேறொன்றும் இல்லை.

பாடமாக ஒரு நாடகம். ஐந்தாம் அங்கத்தில், அதுதான் கடைசி, நாயகி இறந்துவிடுவாள். மற்ற வினைச்சொற்களையெல்லாம் சித்தப்பா தட்டுத்தடுமாறி வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த ஓர் இடத்தில் மட்டும் 'இறந்தாள்' என்றே எழுதினார். அப்பா அடித்துவிட்டு 'இறக்கிறாள்' என்று போடுவார். மறுநாளும் 'இறந்தாள்' என்றே வரும்.

"செத்தவங்க செத்தவங்கதானே அண்ணா? எத்தினி வாட்டி சாவாங்க?" என்றார் சித்தப்பா ஒருநாள்.

"புஸ்தகத்தைத் தொறக்கறப்பல்லாம் சாகறாடா. அதான் லிட்ரேச்சர்" என்றார் அப்பா, பெருமையாக.

சித்தப்பா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்கே தலைகீழ்ப் பாடமான சட்டம் இத்தனை பெரிய மனுஷருக்கு மண்டையில் ஏறவில்லையே என்று எனக்குச் சிரிப்பு. ஒன்பது வயசு, வேறென்ன வரும்?

வேடிக்கை என்னவென்றால், பேச்சில் அவர் இதற்கு நேர்மாறு. அம்மா மீன்குழம்பு ஊற்றும்போது, "அவளுக்கு மாங்கா போட்டாத்தான் புடிக்கும் அண்ணி" என்பார். அவள் என்றால் சித்தி. செத்துப்போனவளுக்கு எப்படி இன்னும் பிடிக்கும்? பிடித்தது என்றல்லவா சொல்ல வேண்டும்? அப்பா இதோ திருத்தப்போகிறார் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருப்பேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் திருத்துகிறவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பரீட்சை வந்தது. அம்மா ஜெபம் பண்ணி அனுப்பினாள். அந்த நாடகத்தின் கதையை எழுதச் சொல்லியே பெரிய கேள்வி வந்திருந்ததாம். சாயங்காலம் சித்தப்பா வந்ததும் வராததுமாக அப்பா வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்.

"எல்லாம் பிரசன்ட் டென்ஸ்தானே?"

"ஆமாண்ணா. ஒரு தப்புகூட இல்ல."

"கடைசி அங்கம்?"

சித்தப்பா செருப்பைக் கழற்றினார். "அத எழுதல. நாலாவதோட நிறுத்திட்டேன். அதுல அவ உயிரோடதான் இருக்கா."

அப்பா தம்பியின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அந்தப் பேப்பர் போயிற்று. சித்தப்பா மறுபடி எழுதவுமில்லை, அப்பா எழுதச் சொல்லவுமில்லை. ஓய்வு பெறும்வரை அதே குமாஸ்தாவாகத்தான் பீச் ரயில் ஏறினார்.

அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன்: "சித்தப்பா கடைசிப் பாடத்தைப் படிக்காமலே பரீட்சைக்குப் போயிட்டாரும்மா."