எட்டுக் கவரில் என்னுடையது

சண்முகம் அண்ணை போய்விட்டார். நேற்றுக் காலை ருவைஸில், டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர்... எழுந்திருக்கவே இல்லை.

அபுதாபி தாண்டி ருவைஸ் போகும் பஸ்ஸில் இருந்து இதை டைப் செய்கிறேன். பஸ் குலுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக... ரிஃபைனரியில் டெக்னீஷியன், யாழ்ப்பாணத்துக்காரர். சயின்ஸ் ஃபிக்‌ஷன் பைத்தியம் பிடித்த வளைகுடாத் தமிழர்கள் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு குழு நடத்தினார். குவைத் மங்காஃபில் இரண்டு பேர், துபாய் தேராவில் நான், இப்படி.

ஆளுக்கு நாலு பக்கம் எழுதி, எட்டு காப்பி எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதையெல்லாம் அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்து, ஆளுக்கொரு கட்டு கவரில் திருப்பி அனுப்புவார். அடுத்த கட்டில் ஒருவருக்கொருவர் பதில் எழுதுவோம்.

"இன்டர்நெட் வர முந்தியே வெளிநாட்டு ரசிகர்மார் இப்பிடித்தான் தபாலில சண்டை பிடிச்சவை" என்பார். வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்டேன். "குட்மார்னிங் பூவுக்கு நடுவில உன்ர கதையை நான் தேடோணுமோ?"

ஒரே சட்டம்தான். தொடர்ந்து இரண்டு முறை பக்கம் வராவிட்டால் பெயர் நீக்கம். சொந்த மச்சானையே நீக்கிய மனிதர்.

அவருடைய செவ்வாய்க் கிரகக் கதையை நான் கிழித்துத் தொங்கவிட்டேன். 'தூங்கிக்கொண்டே எழுதினீர்களா அண்ணை?' என்று, எட்டுப் பேரும் படிக்கிற மாதிரி. அடுத்த கட்டில் அவர் எனக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எழுத எனக்கு முகமே இல்லை. அதற்கடுத்த முறையும் பக்கம் அனுப்பவில்லை, இந்த முறையும் அனுப்பவில்லை. இரண்டாயிற்று.

போன வாரம் போன் செய்தார். "உன்ர பக்கம் இன்னும் வரேல்லை. ஆள் இருக்கிறியோ?"

வேலை அதிகம் என்று பொய் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார். அது என்ன 'சரி' என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்று காலை பஸ் அபுதாபியைத் தாண்டும்போது அவருடைய ரூம்மேட் செல்வம் கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு ரூம காலி பண்ணணும்னு கேம்ப் பாஸ் சொல்லிட்டாரு. பேப்பரா கெடக்கு. கட்டில்ல வேற கவர் கவரா ஒட்டி வச்சிருக்காரு. தூக்கிப் போட்டுரவா?"

எதையும் தொடாதீர்கள், இதோ வருகிறேன் என்றேன். கவர் எத்தனை என்று கேட்டேன். ஏழா, எட்டா?

"இருங்க, எண்ணுறேன்..." லைன் கட். அதன்பின் வழியெல்லாம் சிக்னல் இல்லை. துக்கத்துக்குப் போகிறவன் கவர் எண்ணிக்கையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

...

இப்போதுதான் சிக்னல் வந்தது. எட்டு.

என் கவரைப் பிரித்து போட்டோ அனுப்பச் சொன்னேன். என் பக்கங்கள் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுத்தாள். மேலே என் பெயர். கீழே அவர் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'வருவான்.'

மற்றக் கவர்களிலும் அதே தாள் இருக்கிறதாம். அதையும் எட்டு காப்பி எடுத்திருக்கிறார்.

வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணை. போய் வாருங்கள்.